காபி கிரைண்டர் வாங்கப் போயி 3,850 ரூபாய் போச்சு, யாரும் ஏமாந்துராதீங்க

வயித்தெரிச்சல்ல எழுதுறேன். 3,850 ரூபாய வாங்கிட்டு ஒருத்தன் இன்னைக்கு காலைல என்னை பிளாக் பண்ணிட்டான். கடை பேரு வேண்டாம். ரீல்ஸ்ல விளம்பரம் ஓட்டி வாட்ஸப்ல ஆர்டர் எடுக்குற வகை கடை. எதெல்லாம் பாத்து வாங்கணும்னு கடைசில விவரமா சொல்றேன்.

வேலை விஷயமா நாகர்கோவில்ல இருந்து அடிக்கடி மதுரை, சென்னைனு போவேன். நம்ம பக்கம் சாயா குடிக்கிறவங்கதான் ஜாஸ்தி, ஆனா எங்க வீட்ல அம்மைக்கும் எனக்கும் பித்தளை ஃபில்டர் டிகாஷன் இல்லாம பொழுது விடியாது. லாட்ஜ்ல வெச்சிருக்க இன்ஸ்டன்ட் பாக்கெட்ட குடிச்சா தலவலிதான் மிச்சம். அரைச்ச தூள கொண்டு போனா வாசம் சீக்கிரம் போயிரும், வறுத்த கொட்டையா கொண்டு போயி அப்பப்ப அரைச்சா நிக்கும், அதுக்குத்தான் கையால சுத்துற கிரைண்டர் தேடுனேன். கிரைண்டர், சின்ன ஸ்டீல் ஃபில்டர், பீபெரி கொட்டை (காய்க்குள்ள ஒத்தையா வெளையுற உருண்டை காபிக்கொட்டை) கால் கிலோ, சிக்கரி கலக்காத தூள் கால் கிலோ, எல்லாம் சேத்து 3,850னு போட்டிருந்தான்.

சும்மா பணம் போடல. போன் பண்ணி, உள்ள அரைக்கிற பல் ஸ்டீலா செராமிக்கா, நடுத்தண்டு ஆடுமான்னு கேட்டேன். உடனே வீடியோ அனுப்புனான், ஸ்டீல் பல்ல ஸ்பூனால டங்குன்னு தட்டிக் காட்டுறான், தூள் ரவை மாதிரி ஒண்ணுபோல விழுது. "எந்த ஊரு அக்கா?"ன்னான். நாகர்கோவில்னு சொன்னேன். "அட, எங்க சித்தி வீடு தக்கலைலதான், நம்ம ஊரு ஆளுக்கு மோசமா அனுப்புவனா அக்கா?" அந்த ஒரு வார்த்தைலதான் மனசு எளகிப்போச்சு. கேஷ் ஆன் டெலிவரி கிடையாதுன்னான், யுபிஐல மொத்தமும் போட்டேன்.

வந்தது செராமிக் பல். தண்டு ஒரு பக்கமா ஆடுது. தண்டு ஆடுனா பல்லுக்கு நடுவுல இடைவெளி ஒரே அளவுல நிக்காது, அதனால பாதி மாவு, பாதி ஒடஞ்ச கொட்டை. மாவு ஃபில்டர் ஓட்டைய அடைச்சு டிகாஷன் எறங்கவே மாட்டேங்குது, சொட்டு சொட்டா எறங்குனதும் புளிப்பும் கசப்புமா இருக்கு. அம்மை ஒரு வாய் குடிச்சுட்டு டம்ளர தள்ளி வெச்சிட்டா. கூட அனுப்புன 'சிக்கரி கலக்காத' தூள பச்சத்தண்ணில ஒரு ஸ்பூன் தூவிப் பாத்தேன். காபித்தூள்னா கொஞ்ச நேரம் மெதக்கும். இது மளமளன்னு அடில போயி, போற வழிலயே பழுப்பா கலர் விட்டுட்டு போகுது. அது சிக்கரி.

கேட்டா "புதுசுல அப்படித்தான் அக்கா, அரைக்க அரைக்க செட் ஆயிரும்"ங்கிறான். விடாம கேட்டதுக்கு "பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?" அப்புறம் ரிட்டர்ன் டீம்னு வேற ஒரு நம்பர் குடுத்தான், அதுல கூப்பிட்டா அதே குரல்! அக்கான்னவன் இப்ப மேடங்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். 48 மணி நேரத்துல பணம் வந்துரும்னான், வரல, இன்னைக்கு பிளாக். 3,850 ரூபாய்ங்க, எங்க வீட்ல ஒரு மாசம் பால், காபித்தூள் செலவு அதுல முடிஞ்சிரும்.

விவரமா எழுத இப்ப கை ஓடல. கேஷ் ஆன் டெலிவரி இல்லன்னா வாங்காதீங்க. பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்க. கிரைண்டர கைல புடிச்சு தண்ட ஆட்டிப் பாக்க முடியுற கடைல வாங்குங்க. சிக்கரி கலந்த தூள்னா எத்தனை சதவீதம்னு பாக்கெட்ல போட்டே ஆகணும், என் பாக்கெட்ல ஒரு எழுத்து கெடையாது.

ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் குடுத்திருக்கேன். அந்த விளம்பரம் இப்பவும் ஓடுது, சாயங்காலம் என் தங்கச்சி போன்ல வந்துச்சு, கீழ ரெண்டு பேர் ரேட் கேட்டிருக்காங்க.