தடைக்காலத்தில் பார்த்த இரண்டு படங்கள்
மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில். பாம்பனில் அண்ணன் வீட்டில் அடுத்தடுத்து இரண்டு படம் பார்த்தோம். வடிவேலுவின் ‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’ (2006) எத்தனையாவது முறையோ. வசனத்தை வீடே முந்திக்கொண்டு சொன்னது.

2017இல் வந்த ‘தி டெத் ஆஃப் ஸ்டாலின்’ வேறு ரகம். 1953, மாஸ்கோ. சோவியத் தலைவர் ஸ்டாலின் தடாலென்று விழும் சத்தம் கேட்டும் வாசலில் நிற்கும் காவலர்கள் கதவைத் திறக்கப் பயப்படுகிறார்கள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மதினி சட்டென்று அமைதியாகிவிட்டார். அப்புறம் டாக்டரைக் கூப்பிடலாம் என்றால், நல்ல டாக்டர்களை ஏற்கெனவே பிடித்துப் போட்டாயிற்று!

கொடுங்கோல் அரசன் புலிகேசிக்கு ஈடாக அவனுடைய இரட்டைச் சகோதரன், நல்லவன் உக்கிரபுத்தன் இருக்கிறான், நாடு பிழைத்துவிடும். ஸ்டாலின் படத்திலோ அடுத்து வரத் துடிப்பவர்களும் கொலைக்குத் துணைபோனவர்களே. பிள்ளைகளோடு பார்க்கப் புலிகேசிதான் சரி. எனக்குத் தூக்கம் கெட்டது இரண்டாவதில்.