சுவரில் பூசணம், கையில் பாலிசி, போனது 1,18,140 ரூபாய்

நேற்று சாயங்காலம்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து அந்த மெயில் வந்தது. "தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். படித்ததிலிருந்து கை நடுக்கம் நிற்கவில்லை, ராத்திரி தூக்கமும் இல்லை. 1,18,140 ரூபாய். வீட்டுக்காரர் மஸ்கட்டில் வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்பிய பணம். வீட்டு இன்ஷூரன்ஸ் எடுக்கப் போகிறவர்களும், ஏற்கெனவே எடுத்து பீரோவில் பூட்டி வைத்திருக்கிறவர்களும், முக்கியமாக நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள், இதை முழுசாகப் படியுங்கள். நடந்ததைச் சொல்லிவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

விற்றவர்கள் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அது முடியட்டும். பல கம்பெனி பாலிசிகளை வரிசையாகக் காட்டி ஒப்பிட்டுப் பார்த்து வாங்கச் சொல்லும் ஆன்லைன் தளங்கள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு திருவட்டார் பக்கம். 2016-ல் கட்டிய கான்கிரீட் வீடு, பின்னால் ரப்பர் தோட்டம், அந்த நிழலில் பின்சுவருக்கு வெயிலே கிடையாது. நம்ம ஊர் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூனில் இடவப்பாதி மழை பிடித்தால் துணி காயாது, அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். 2017-ல் ஒக்கி அடித்தபோது மரம் விழுந்து வீடு போனவர்களைப் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். அப்புறம் 2023 டிசம்பர் 17, 18-ல் தென் மாவட்டங்களை முக்கியெடுத்த மழை. அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தால் என்ன என்று தோன்றியது. போனில் தேடி ஒரு தளத்தில் நம்பரைக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் அழைப்பு வந்துவிட்டது.

முதலில் "மேடம்" என்றுதான் தொடங்கினான், அந்தத் தளத்தில் பாலிசி விற்கிற பையன். நான் நாலு வாக்கியம் பேசியதும், "அக்கா, நீங்க எந்த ஊரு? நான் தக்கலைக்காரன்தான், இப்ப வேலைக்காக சென்னையில கெடக்கேன்" என்றான். அதற்குப் பிறகு ஒரே அக்காதான். குலசேகரம் ரோடு எப்படி இருக்கிறது, பேச்சிப்பாறை அணையைத் திறந்துவிட்டார்களா என்றெல்லாம் கேட்டான். நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். மழைத் தண்ணியோ பைப் தண்ணியோ இறங்கி சுவரெல்லாம் பூசணம் பிடித்தால் பணம் கிடைக்குமா? எனக்கு அதுதான் பயம். மாமிக்கு இழுப்பு உண்டு, ஈர வாடை அடித்தாலே நெஞ்சு அடைத்துவிடும். அவன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "அக்கா, தண்ணியால என்ன டேமேஜ் வந்தாலும் கவர்தான். பூப்பல் புடிச்சாலும் கிடைக்கும். அதுக்குத்தானே இந்த ஆட்-ஆனையும் சேர்த்துப் போட்டுத் தாறேன்." ஆட்-ஆன் என்றால் பாலிசிக்கு மேலே தனியாகச் சேர்க்கிற கூடுதல் கவர்.

பூப்பல். அந்தச் சொல்லில்தான் விழுந்தேன். நான் பூசணம் என்று கேட்டேன், அவன் பூப்பல் என்று பதில் சொன்னான். எங்கள் வீட்டில் மாமி சொல்லும் சொல் அது. நம்ம ஊர்ப் பையன், நம்ம வீட்டுச் சுவர் எப்படிப் பூக்கும் என்று தெரிந்தவன், பொய் சொல்லமாட்டான் என்று நினைத்தேன். ஆனாலும் ஒரு சந்தேகத்தில் அதே கேள்வியை வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பினேன். அவன் அங்கே பதில் எழுதவில்லை. உடனே போன் பண்ணினான். "அக்கா, இப்பதானே சொன்னேன், நம்ம ஆளுகிட்ட நான் பொய் சொல்லுவனா?" போன் காதில் இருக்கும்போதே 9,640 ரூபாய் கட்டினேன், 5 வருஷத்துக்கு. எழுதிக் கேட்டதற்கு அவன் ஏன் எழுதிப் பதில் தரவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது, வயிறு எரிகிறது.

பாலிசி மெயிலில் வந்தது. முப்பத்து சொச்சம் பக்கம், எல்லாம் இங்கிலீஷ். முதல் பக்கத்தில் என் பெயரும் கதவு எண்ணும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

இந்தச் சித்திரையிலேயே மாமி சொன்னார், "மக்களே, அந்த அலமாரி பக்கம் ஈர வாடை அடிக்குது" என்று. கோடையில் ஏது ஈரம் என்று விட்டுவிட்டேன். இடவப்பாதி தொடங்கி இரண்டாவது வாரம், கல்யாணத்துக்குப் போகப் பட்டுச்சேலையை எடுக்கிறேன், மடிப்பெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் புள்ளி. அலமாரியின் பின்பலகை, பிளைவுட், கைவைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. அதை நகர்த்தினால் சுவர் முழுக்க கறுத்துப் போய், பெயின்டுக்கு அடியில் பூசிய புட்டி உப்பி, பெயின்ட் தோலாக உரிந்து தொங்குகிறது. அடித்தட்டில் ஃபைலில் வைத்திருந்த என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் மகளின் பிறப்புச் சான்றிதழோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அன்றைக்கு ராத்திரி மாமிக்கு இழுப்பு வந்து தக்கலை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பிளம்பர் வந்து பாத்ரூம் டைல்ஸை உடைத்துப் பார்த்தார். சுவருக்குள் போகும் பைப்பில் ஒரு எல்போ, அதாவது பைப் வளைகிற இடத்து இணைப்பு, கீறியிருந்தது, அதிலிருந்து சொட்டுச் சொட்டாக ஊறி மறுபக்கம் படுக்கையறைச் சுவருக்கு வந்திருக்கிறது. சரி, இதற்குத்தானே பாலிசி என்று தளத்தின் நம்பருக்கு அழைத்தேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். கிளெய்ம் பதிவு செய்துவிட்டாளாம், "நீங்க வேலையை முடிச்சிட்டு ஜிஎஸ்டி பில் எல்லாத்தையும் அப்லோட் பண்ணுங்க மேடம், ரீஇம்பர்ஸ் ஆயிடும்" என்றாள். ஆஸ்பத்திரி பில் மாதிரி இருக்கும் போல என்று நான் நம்பிவிட்டேன். வீட்டில் இழுப்புக்காரர் இருக்கிறார், மழை நிற்கவில்லை, யார்தான் காத்திருப்பார்கள்? பைப்பும் டைல்ஸும் 21,000. சுவரைச் சுரண்டிப் பூசி வாட்டர்புரூஃப் அடிக்க 34,500. அலமாரி புதிதாகச் செய்ய 41,000. பெயின்ட் 12,000. மொத்தம் 1,08,500. பிரீமியம் 9,640-ஐயும் சேர்த்தால் 1,18,140.

எல்லாம் முடிந்து பெயின்ட் வாசனை போன பிறகு, பத்தொன்பதாம் நாள், சேதத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார். புதுச் சுவரையும் புது அலமாரியையும் பார்த்துவிட்டு, "நான் இப்ப எதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுறது?" என்று கேட்டார். பழைய அலமாரியைக் கொல்லையில் எரித்துவிட்டோம். உடைந்த எல்போவை பிளம்பர் எறிந்துவிட்டார். என் போனில் பதினோரு போட்டோ இருந்தது, அதைக் காட்டினேன். அந்த மனுஷனைக் குறை சொல்லமாட்டேன், உட்கார்ந்து விளக்கியவர் அவர் ஒருவர்தான்.

அவர் சொன்னதையும், நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாலிசியை நானே படித்ததையும் வைத்துச் சொல்கிறேன். 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று ஒரே மாதிரியான பாலிசியை எல்லா பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் தர வேண்டும் என்று, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஐஆர்டிஏஐ கொண்டுவந்தது. என்னுடையதும் அதுதான், மேலே ஒரு ஆட்-ஆன். அதில் எதெதற்குப் பணம் என்று பெயர் சொல்லிப் பட்டியல் இருக்கிறது: தீ, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம் இப்படி. தண்ணீர்த் தொட்டியோ பைப்போ வெடித்தாலும் நிரம்பி வழிந்தாலும் வரும் சேதமும் பட்டியலில் உண்டு. பூசணம் என்று தனியாக ஒரு வரிகூட இல்லை. பட்டியலில் இருக்கிற ஒன்றால், உதாரணத்துக்கு வெள்ளம் உள்ளே ஏறி, அதனால் சுவரும் சாமான்களும் கெட்டுப்போனால் அந்தச் சேதத்துக்குக் கேட்க வழி இருக்கிறது. பைப் திடீரென்று வெடித்து அறையில் தண்ணீர் நின்றிருந்தாலும் அப்படித்தான். எனக்கு நடந்தது கசிவு. மாசக்கணக்கில் ஊறியது. "வெடிப்பு வேற, ஊறல் வேற மேடம்" என்றார் சர்வேயர். அந்த ஆட்-ஆனைப் புரட்டினால் அதில் தேய்மானம், படிப்படியான சிதைவு, ஈரம், பூசணம், பூச்சி அரிப்பு எல்லாம் சேராது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. பூசணத்தை வெளியே தள்ளும் அந்தத் தாளைத்தான், பூப்பலுக்கு என்று சொல்லி என் தலையில் கட்டியிருக்கிறான்!

ஈரம் பட்ட பிளைவுட்டில் இரண்டு நாளிலேயே பூசணம் துளிர்த்துவிடும், அதனால் கறுப்பைப் பார்த்து மட்டும் பழசு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உப்பிய புட்டியும் நொறுங்கிய பலகையும் என் போட்டோவிலேயே இருக்கிறதே, அதை வைத்துத்தான் எனக்கு எதிராக எழுதிவிட்டார்கள். டெக்சாஸில் இருக்கும் சித்தி மகனிடம் புலம்பினேன். அங்கேயும் இதே கதைதானாம். 2001-ல் ஒரு வீட்டு உரிமையாளருக்கு, பூசணம் பிடித்த வீட்டுக்காக, கம்பெனி 3 கோடியே 20 லட்சம் டாலர் தர வேண்டும் என்று அங்கே ஜூரி தீர்ப்பு சொல்லி, பிறகு அதை வெகுவாகக் குறைத்தார்களாம், அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் பூசணத்தைத் தனியாகப் பிரித்து ஒரு சின்ன உச்சவரம்பு வைத்தன, அதிகம் வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும் என்றான். அங்கே காசு கொடுத்தாவது சேர்க்கலாம். இங்கே சேர்த்தாச்சு என்று சொல்லியே காசு வாங்கிவிட்டார்கள்.

இனி அலைக்கழித்த கதை. தளத்துக்கு அழைத்தால், "நாங்க இடைத்தரகர்தான் மேடம், முடிவு கம்பெனியோடது." கம்பெனிக்கு அழைத்தால், "விக்கும்போது என்ன சொன்னாங்கன்னு எங்களுக்குத் தெரியாது, தளத்துலயே கேளுங்க." தக்கலைப் பையனின் நம்பர் இப்போது இல்லை, அவன் வேலையை விட்டுவிட்டானாம். அவன் பேசிய ரெக்கார்டிங்கைக் கேட்டேன். முதல் தடவை, 48 மணி நேரத்தில் திரும்ப அழைப்போம் என்றார்கள். அழைக்கவில்லை. இரண்டாம் தடவை புது டிக்கெட் நம்பர் கொடுத்தார்கள். மூன்றாம் தடவை, அவ்வளவு பழைய ரெக்கார்டிங் இருக்காது என்றார்கள். வேலையை முடித்துவிட்டு பில் அனுப்பச் சொன்ன பெண்ணின் அழைப்பு போன மாதம்தான் நடந்தது, அதையாவது கொடுங்கள் என்றேன். "உங்க ஃபீட்பேக்கை நோட் பண்ணிக்கிட்டோம் மேடம்." ஒவ்வொரு தடவையும் வேறு குரல், ஒவ்வொரு தடவையும் எல்போ கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். மொத்தம் பதினேழு அழைப்பு. ஒருத்தருக்காவது 1,18,140 ரூபாய் என்றால் ஒரு வீட்டுக்கு என்ன என்று உறைக்கவில்லை. கடைசியாகப் பேசியவர், போனை வைப்பதற்கு முன் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீர்கள் என்று கேட்டார். அழுதுவிட்டேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை, காலையில் பள்ளிக்கூட வேன் வந்துவிடும். அவசரமாகச் சிலது மட்டும் சொல்கிறேன்.

விற்கிறவர் வாயால் சொல்வதை நம்பாதீர்கள், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று மெயிலில் கேளுங்கள், எழுத மறுத்தால் வாங்காதீர்கள். பூசணம், கசிவு, படிப்படியான சிதைவு இந்த மூன்றும் எங்கே வருகிறது என்று இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைகளை விட்டாவது தேடச் சொல்லுங்கள். தண்ணீர் வந்த அன்றைக்கே தேதி தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து, கம்பெனிக்கே நேரடியாக மெயில் போடுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை உடைந்த பைப்பை, நனைந்த பலகையை எறியாதீர்கள், கசிவை மட்டும் அடைத்துவிட்டு மற்ற வேலையை நிறுத்தி வையுங்கள். ஏற்கெனவே மறுத்துவிட்டார்கள் என்றால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார், ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ சென்னையில் இருக்கும், இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேன், ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், கட்டணமும் கிடையாது வக்கீலும் வேண்டாம். ஐஆர்டிஏஐ-க்கு 155255 என்று ஒரு நம்பர் இருக்கிறது. அவர்களுடைய 'பீமா பரோசா' புகார் தளத்திலும் பதியலாம். நான் இன்றைக்கு இரண்டிலும் பதிந்துவிட்டேன். சர்வே ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டிருக்கிறேன்.

இந்த மாவட்டத்தில் யாருக்காவது கசிவுக்கு கிளெய்ம் கிடைத்திருந்தால், என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். திங்கட்கிழமை குறைதீர்ப்பு அதிகாரிக்கான கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.