மேற்பார்வைத் தாதி வரும் வீட்டுப் பராமரிப்புச் சேவை: எங்கள் 11 மாத அனுபவம்

எங்கள் அம்மாவுக்கு 81 வயது. பாரிசவாதத்தால் இடப்பக்கம் வழங்காமற்போய், யாழ் போதனா வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியபின், இரண்டு வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களின் சேவையைப் பெற்றிருக்கிறோம். இரண்டுமே மருத்துவம் செய்பவை அல்ல. குளிக்க வார்க்கவும், உடை மாற்றவும், உணவூட்டவும், நடக்கும்போது துணை நிற்கவும் ஆள் அனுப்புபவை. கட்டணமும் ஏறக்குறைய ஒன்றுதான். பராமரிப்பாளரைப் பழக்கி, வேலையை வந்து பார்க்கும் மேற்பார்வைத் தாதி என்று முதலாவதில் ஒருவரும் இருக்கவில்லை, இரண்டாவதில் இருக்கிறார். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, தாய் தகப்பன் மட்டும் மிஞ்சிய வீடுகள் கொக்குவில், கோண்டாவில் பக்கம் ஒழுங்கைக்கு ஒழுங்கை உள்ளன. அவர்கள் பணம் கட்டுமுன் இந்த ஒரு வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதல் நிறுவனம் அனுப்பிய பெண் அன்பானவர், நேர்மையானவர். ஆனால் பாரிசவாதம் வந்தவரை எப்படித் தூக்குவது என்று அவருக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை. அம்மாவின் வழங்காத கையைப் பிடித்து இழுத்தே கட்டிலிலிருந்து எழுப்பினார். இரண்டு கிழமைக்குள் அந்தத் தோளைத் தொடவே விடாமல் அம்மா அழத் தொடங்கினார். தோளைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் இழுத்தால் மூட்டு விலகும் என்று வைத்தியர் விளங்கப்படுத்திய பிறகுதான் எங்களுக்கும் தெரிந்தது. நிறுவனத்துக்கு அறிவித்தபோது, வேறு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அந்த ஆளுக்கு யார் பழக்குவார் என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

இரண்டாவது நிறுவனத்திலிருந்து முதலில் வந்தவர் தாதி. அரசாங்க வைத்தியசாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் வாங்கிப் பார்த்தார்; கட்டிலின் உயரத்தையும் குளியலறைத் தரையையும் பார்த்தார்; அம்மா தேநீர் குடிப்பதைப் பக்கத்தில் இருந்து கவனித்தார். மறுநாள் பராமரிப்பாளரையும் அழைத்து வந்து, "பிள்ளை, அந்தக் கையைப் பிடியாதேங்கோ. கதிரையை அம்மாவின்ர வலப்பக்கம் போடுங்கோ, நல்ல காலை ஊன்றி அவ எழும்பட்டும்" என்று சொல்லி, மூன்று தரம் செய்ய வைத்துப் பார்த்த பின்னரே போனார்.

ஐந்தாம் கிழமை நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். முன்னறிவித்தல் இல்லாமல் வந்த தாதி, அம்மாவின் இடது குதிக்காலைக் கையில் ஏந்தி, புறங்கையால் தடவிப் பார்த்தார். எங்கள் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரிவது எங்களைப் போன்ற கறுத்த தோலில் தெரியாது, சூட்டையும் இறுக்கத்தையும் கைதான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். மற்றக் குதிக்காலைவிட அது சூடாக, சற்றுக் கல்லுப்போல இருந்தது. படுக்கைப்புண்ணின் தொடக்கம் அது. வறட்சி என்று நினைத்து நாங்கள் நாள்தோறும் அதே இடத்தில் நல்லெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம். தேய்த்தால் உள்ளே நொந்திருக்கும் தசை மேலும் சிதையும் என்று அதை உடனே நிறுத்தினார். கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்து, குதிக்கால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கச் செய்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, நேரத்தைப் பராமரிப்புக் கொப்பியில் எழுதும்படி பராமரிப்பாளருக்குச் சொன்னார். தோல் உடையாமலே அது மாறிவிட்டது. உடைந்திருந்தால், நீரிழிவும் உள்ள அம்மாவுக்கு அது ஆற எத்தனை மாதம் சென்றிருக்குமோ என்று நினைக்கவே மனம் பதறுகிறது.

தாதி வருகிறார் என்பதற்காக ஊசி போடுவார், மருந்து கட்டுவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. இன்சுலின் அளவைக் கூட்டலாமா என்று அக்கா தொலைபேசியில் கேட்டபோது, அது கிளினிக் வைத்தியரின் முடிவு என்று கூறி, கொப்பியிலிருந்த சீனி அளவுகளை எழுதித் தந்து எங்களை அங்கே அனுப்பினார். முதலில் எங்களுக்கு மனவருத்தமாக இருந்தது. இப்போது அந்த எல்லையை மதிக்கிறேன். தாதி அதைக் காப்பதால் பராமரிப்பாளரும் தன் எல்லையைத் தாண்டுவதில்லை. முகம் கோணினால், மூச்சுத் திணறினால், விழுந்து தலை அடிபட்டால் யாரையும் கேட்டுக்கொண்டிராமல் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்று கொப்பியின் முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

குறையும் உண்டு. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவார் என்றார்கள். நான்காம் மாதத்துக்குப் பின் மாதம் ஒருமுறைதான் வந்தார். சாவகச்சேரியிலிருந்து வட்டுக்கோட்டை வரை ஒரே தாதி ஸ்கூட்டரில் ஓடினால் வேறென்ன நடக்கும்? தைப்பொங்கலுக்கு எங்கள் பராமரிப்பாளர் ஊருக்குப் போனபோது, பதிலுக்கு வந்தவரைத் தாதி வந்து பழக்கவில்லை. அவர் அம்மாவைச் சரிந்த நிலையிலேயே வைத்துக் கஞ்சி பருக்கிவிட்டார். அன்று இரவு முழுவதும் அம்மா இருமினார். நிமிர்ந்து இருத்தி, சிறு கரண்டியால் கொடுத்து, அரை மணித்தியாலம் படுக்கவிடாமல் பார்க்க வேண்டும் என்பது கொப்பியில் இருந்தது. அதை வாசிக்கச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

தாதி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார், பதில் ஆள் வந்தால் முதல் நாள் யார் கூட நின்று பழக்குவார் என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரும்படி கேட்டோம். முதலாவதை எழுதித் தந்துவிட்டார்கள். தாதியும் இப்போது சொன்னபடி வருகிறார். இரண்டாவதற்கு அடுத்த மாதம் பதில் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள்.