குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல்

1949இல் சி. ராஜம் நிறுவி, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக உள்ள எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி), அப்துல் கலாம் பயின்ற வானூர்திப் பொறியியலை நான்காண்டு இளநிலைப் படிப்பாக வழங்குகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 எனக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மிக உயர்ந்திருந்தால்தான் இடம் கிடைக்கும். விமானம் ஓட்டக் கற்றுத்தருவார்கள் என்று எண்ணிச் சேருவோர் (உறவினர்களும் அப்படித்தான் கேட்பார்கள்) ஏமாறுவர். இங்கே காற்றியக்கவியலும் உந்துவிசையும் வகைக்கெழுச் சமன்பாடுகளின் வழியேதான் வந்து சேரும்.

பாடநூலில் உலர்ந்து கிடக்கும் ஏற்றவிசை (விமானத்தை மேலே தூக்கும் விசை), காற்றைச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச்சுரங்கத்தில் இறக்கையின் தாக்குகோணத்தை (எதிர்வரும் காற்றுடன் இறக்கை அமைக்கும் கோணத்தை)ச் சிறிது சிறிதாகக் கூட்டும்போது வளர்ந்து, காற்றோட்டம் மேற்பரப்பிலிருந்து பிரிந்ததும் சட்டெனச் சரிவதை அளந்து பார்க்கும் அனுபவமே, என் கருத்தில், இத்தகைய படிப்பின் உண்மையான மதிப்பு.

வேலைவாய்ப்பில் மட்டும் எச்சரிக்கை தேவை: இஸ்ரோவின் பொதுத் தேர்வு பெரும்பாலும் இயந்திரவியல், மின்னணுவியல், கணினியியல் பட்டதாரிகளுக்கே நடைபெறுகிறது.