ஆலோசகரா, நம் ஆட்களா? ஒரு சிறிய பராமரிப்பு நிறுவனம் சட்ட மாற்றத்துக்குத் தயாரான கதை

ஆஸ்திரேலியாவின் புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் 2025 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மேற்கு சிட்னியில் வீட்டுப் பராமரிப்புச் சேவை தரும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் ஒருங்கிணைப்பாளர். எங்கள் பொறுப்பில் அறுபது சொச்சம் முதியவர்கள். மாற்றத்துக்குத் தயாராக மூன்று வழிகள் இருந்தன: வெளி ஆலோசகரை அமர்த்துவது, அரசு இலவசமாகத் தரும் கையேடுகளை வைத்துச் சமாளிப்பது, எங்களில் ஒருவரை வாரத்துக்கு இரண்டு நாள் இதற்கென்றே ஒதுக்குவது. முதல் வழிக்குக் காசு கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மூன்றாவதற்கு வந்து சேர்ந்தோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிக்க எதுவும் இல்லை.

ஆலோசகரால் கிடைக்கும் நன்மை தெரிந்ததுதான்: வேகம், பல நிறுவனங்களைப் பார்த்த கண். தர நெறிகள் எட்டிலிருந்து ஏழாக மாறியதை எங்கள் கொள்கை ஆவணங்களோடு பொருத்தி, எங்கெங்கே ஓட்டை என்று ஒரே வாரத்தில் பட்டியல் கொடுத்தார். நாங்களாகச் செய்திருந்தால் இரண்டு மாதம் இழுத்திருக்கும். இலவசக் கையேடுகளிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவை ஊருக்கெல்லாம் பொதுவாக எழுதப்பட்டவை. நம் வீட்டுக்கு எது பொருந்தும் என்று யாராவது உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

எங்கள் முடிவை மாற்றியது வேறு ஒன்று. எழுதி முடித்த ஆவணத்தை அதற்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது? முதலில் அறிவித்த தேதி 2025 ஜூலை 1. ஆலோசகரின் ஒப்பந்தம் ஜூன் 30 வரை. ஜூன் மாதத் தொடக்கத்தில் அரசு தேதியை நவம்பருக்குத் தள்ளியது. இடைப்பட்ட மாதங்களில் விதிகளும் வழிகாட்டிகளும் திருத்தப்பட்டுக்கொண்டே இருந்தன. ஆலோசகர் எழுதித் தந்து எங்கள் அலமாரியில் இருந்த தடித்த கோப்பு மட்டும் 'பதிப்பு 1' என்ற முத்திரையோடு அப்படியே இருந்தது. திருத்தித் தர முடியுமா என்று கேட்டோம். புதிய கட்டணப் பட்டியல் வந்தது.

அதன் பிறகுதான் எங்கள் ரோஸ்டர் (யார் எப்போது எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்ற பணி அட்டவணை) போடுபவரை இந்த வேலையில் உட்கார வைத்தோம். முதலில் விலைப் பட்டியலை எடுத்தார். பழைய 'ஹோம் கேர் பேக்கேஜ்' வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில், ஒரு முதியவருக்கு ஒதுக்கப்படும் தொகையிலிருந்து பராமரிப்பு மேலாண்மைக்கு 20 சதவீதம் வரையும் நிர்வாகத்துக்கு 15 சதவீதம் வரையும் தனியாக எடுத்துக்கொள்ளலாம். புதிய சட்டத்தோடு அதன் இடத்துக்கு வந்த 'சப்போர்ட் அட் ஹோம்' திட்டத்தில் மேலாண்மைக்கு 10 சதவீதம்தான். நிர்வாகக் கட்டணமே கிடையாது. அலுவலக வாடகை, காப்பீடு, பயணம் எல்லாம் மணிக்கு இத்தனை டாலர் என்ற ஒற்றை விலைக்குள் அடங்க வேண்டும். ஆலோசகர் கொடுத்த கணக்குத் தாளில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே பயணம் பத்து நிமிடம் என்று இருந்தது. இவர் மூன்று வார ரோஸ்டரைப் பிரித்து வைத்துக் கூட்டினார். வென்ட்வொர்த்வில்லில் ஒரு வீட்டை முடித்து ரவுஸ் ஹில் போக இருபத்தைந்து நிமிடம். சனிக்கிழமைகளில் ஆள் குறைவு, ஆகவே ஓட்டமும் அதிகம். அந்தப் பத்து நிமிடத்தை நம்பி விலை போட்டிருந்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் கைக்காசு போயிருக்கும்.

அடுத்தது ஒப்பந்தம். எங்களிடம் வரும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், முழு ஓய்வூதியக்காரர், புதிய தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நர்ஸ் வந்து புண்ணுக்குக் கட்டுப் போட்டால் காசில்லை, வீடு கூட்டினால் காசா, பிள்ளை?" ஆமாம், மருத்துவப் பராமரிப்புக்குப் பங்களிப்பு இல்லை, வீட்டு வேலை போன்ற அன்றாட உதவிக்கு முழு ஓய்வூதியக்காரர் 17.5 சதவீதம் தர வேண்டும். அப்படியானால் அடுத்த தெருத் தோழி மட்டும் ஏன் தருவதில்லை? அவருக்கு 2024 செப்டம்பர் 12-க்கு முன்பே பழைய திட்டத்தில் அனுமதி கிடைத்துவிட்டது; முன்பு கட்டணம் இல்லாதவர்களுக்கு இப்போதும் இல்லை. கோப்பில் இருந்த மாதிரிக் கடிதம் இருவருக்கும் ஒன்றுதான். யாருக்கு எந்தக் கடிதம் என்று பிரிக்க அந்த அறுபது பேரையும் தெரிந்தவர் வேண்டும்.

செலவு குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதச் சம்பளத்தில் இரண்டு நாள் பங்கைக் கூட்டினால் ஆலோசகர் கட்டணத்தைத் தாண்டிவிட்டது. அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த ஒருவர் வேலையை விட்டால் எல்லாம் அவரோடு போய்விடும் என்பது. அதனால் கணக்காளரையும் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறோம். அவர் முணுமுணுத்துக்கொண்டேதான் உட்காருகிறார்.

முதியோர் இல்லம் நடத்துபவர்களுக்கு என் பேச்சு எவ்வளவு பொருந்தும் என்பது சந்தேகம்தான். ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற நர்ஸ், இருபத்துநாலு மணி நேரமும் ஒரு நர்ஸ் பணியில் என்று அவர்களின் கணக்கே வேறு. அந்த வேலையை நான் பார்த்ததில்லை. புதிய நெறிகளின்படி எங்களுக்கு இன்னும் தணிக்கையும் நடக்கவில்லை. தணிக்கையாளர் வரும் வாரத்தில் ஆலோசகரை ஒரு நாளைக்கு மட்டும் கூப்பிட்டு ஒத்திகை பார்க்கலாம் என்ற யோசனை இருக்கிறது. அதற்கு அவர் சரியான ஆள்.

சேவை விலைகளுக்கு உச்சவரம்பு கொண்டுவருவதாகவும் அரசு அறிவித்திருக்கிறது. அதற்காக ரோஸ்டர்காரர் தன் கணக்குத் தாளில் எட்டுக் கட்டங்களுக்கு மஞ்சள் பூசி வைத்திருக்கிறார்.