சேலைப் போர்வையா, பின்னல் போர்வையா: தானத்துக்கு எது சரி?

முதல் வருடம் எங்கள் கோவைக் குழு ஒரு முதியோர் இல்லத்துக்குப் பன்னிரண்டு கம்பளிப் போர்வைகள் பின்னிக் கொடுத்தது. இரண்டு மாதம் கழித்துப் போனால் பாதிக்கு மேல் சுருங்கி அட்டை மாதிரி கிடந்தன. வெந்நீரில் போட்டு மெஷினில் துவைத்திருக்கிறார்கள். படுக்கையிலேயே இருக்கும் பெரியவர்களின் துணியை வேறு எப்படித் துவைப்பது? வெந்நீரும் உரசலும் பட்டால் கம்பளி இறுகிவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். கொடுக்கும் இடத்தில் எப்படித் துவைப்பார்கள் என்று கேட்காமல் விட்டது எங்கள் தவறுதான். அதிலிருந்து எதைச் செய்தாலும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறோம்.

அப்படிப் பார்த்தால் சமவெளிக்குச் சேலைப் போர்வைதான் என் கட்சி. கணக்கு எளிது. ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலையை மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் 1.8 மீட்டர், ஒருவர் போர்த்திக்கொள்ளும் நீளம். ஒரு சேலைக்கு மூன்று அடுக்கு, இரண்டு சேலைக்கு ஆறு. ஓட்டுத் தையல் போதும். வங்காளத்துக் காந்தாப் போர்வையும் கர்நாடகத்துக் கௌதிப் போர்வையும் இந்தத் தையலில் உருவானவைதான். உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைக்காமல் போர்வையை முடிக்க மாட்டார்கள். தானத்துக்குத் தைக்கும் போர்வையிலும் அந்தப் பூ இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். இல்லத்தில் ஒரு பாட்டி போர்வையைத் தடவிப் பார்த்து, "நம்ம சீலையாட்டவே இருக்குது அம்மிணி" என்றார். கடையில் வாங்கிய புதுப் போர்வை எதற்கும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

சேலைப் போர்வைக்குக் குறையும் உண்டு. ஆறடுக்குப் பருத்தி நனைந்தால் லேசில் காயாது. நீலகிரி மழைக்காலத்தில் அதைக் கொடுத்தால் ஈர வாடையோடுதான் போர்த்த வேண்டியிருக்கும். மலைக்கு அக்ரிலிக் என்ற செயற்கை நூல் பின்னல்தான் சரி: விலை குறைவு, மெஷினைத் தாங்கும், சீக்கிரம் காயும். ஆனால் அக்ரிலிக் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விறகடுப்புப் பக்கத்தில் படுக்கும் வீடாக இருந்தால் அங்கே மட்டும் கம்பளியே கொடுங்கள், குளிர்ந்த நீரில் அலசச் சொல்லி.

சரி, பின்னுவதென்றால் இரட்டை ஊசியா, ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் குரோஷாவா? குரோஷா நூலைக் கூடுதலாகத் தின்னும், துணியும் கனமாக வரும். ஆனாலும் கூட்டாகச் செய்ய அதுவே வசதி. புதிதாக வருபவர் ஒரே நாளில் ஒரு சதுரம் போடக் கற்றுக்கொள்வார். தவறினால் அந்தச் சதுரத்தோடு போயிற்று. இரட்டை ஊசியில் ஒரு கண்ணி நழுவினால் கீழே வரை பிரிந்துகொண்டே போகும். 2016 ஜனவரியில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்களே, அதுவும் பலர் வீட்டில் போட்ட துண்டுகளை இணைத்ததுதான்.

பச்சிளங்குழந்தைகளுக்கு மட்டும் போர்வையே வேண்டாம். ஒரு வயதுக்குள் தூங்கும் குழந்தையின் மேல் தளர்வான போர்வை கிடப்பது மூச்சுக்கு ஆபத்து. அவர்களுக்குத் தேவை தொப்பியும் காலுறையும். எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கியது. அதில் குழந்தைக்கு டயப்பர், தொப்பி, காலுறை தவிர வேறு உடுப்பு பெரும்பாலும் இருக்காது. இங்கே இரட்டை ஊசிதான் ஜெயிக்கிறது: மெல்லியதாக, இழுத்தால் விரிவதாக வரும். குரோஷாவின் ஓட்டையில் பிஞ்சு விரல் மாட்டும். பின்னி முடித்ததும் காலுறையை உள்பக்கம் திருப்பி நூல் தொங்குகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு இழை விரலைச் சுற்றி இறுக்கினால் ரத்தம் ஓடாது. நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்டிமீட்டர், குறைமாதத்துக்கு அதைவிடச் சிறிது. அதனால் வார்டில் அளவு கேட்டு வாங்கிய பிறகே எங்கள் ஊசியில் கண்ணி ஏறும்.