‘தொப்பைக்கு மட்டும்’ என்று தனியாகப் பணம் கேட்டால் கட்டாதீர்கள்

என்னோடு ஜிம்மில் பயிற்சி செய்த அக்கா ஒருவர் போன வாரம் போன் செய்தார். "வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்கும் பயிற்சி முடிந்துவிட்டது, இப்போது கைச்சதைக்குத் தனியாக எட்டு வாரம் சேரச் சொல்கிறார்கள், சேரட்டுமா?" என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கேட்க ஆள் இல்லாமல் பணம் கட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

சாப்பாட்டைக் குறைத்து, தினமும் நடந்து, நான் ஏற்கெனவே 6 கிலோ இறங்கியிருந்தேன். முகம் மெலிந்தது, தோள் மெலிந்தது, அடிவயிறு மட்டும் அப்படியே நின்றது. அப்போதுதான் பயிற்சியாளர் வந்து, "எடை குறைப்பது வேறு, இடம் பார்த்துக் கரைப்பது வேறு. அதற்குத் தனி பேக்கேஜ்" என்றார். மாதக் கட்டணத்துக்கு மேல் அது தனிக் கட்டணம். 12 வாரத்தில் 4 அங்குலம் குறையும் என்று தாளிலேயே எழுதிக் கொடுத்தார். நம்பிக் கட்டினேன்.

தினமும் க்ரஞ்ச் (மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்குவது), லெக் ரெய்ஸ் (படுத்தபடி கால்களைத் தூக்குவது), டம்பெல்லைப் பிடித்துப் பக்கவாட்டில் சாய்வது, எல்லாம் சேர்த்து 300 முறைக்கு மேல். இடுப்பில் இறுக்கமாக ரப்பர் பெல்ட். அதைக் கழற்றும்போது வேர்வை தரையில் சொட்டும். "பாருங்கள், கொழுப்பு உருகி வருகிறது" என்பார். வந்தது வேர்வைதான், கொழுப்பு இல்லை. தண்ணீர் குடித்ததும் அந்த எடை திரும்பிவிடும். வயிறு எரிகிறது என்றால், அந்த இடத்துக் கொழுப்புதான் எரிகிறது என்பார். அது தசை களைத்துப்போனதால் வரும் எரிச்சல். மூன்றாவது வாரம் கழுத்து பிடித்துக்கொண்டது. அதற்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்ற பதில்தான்.

கடைசி நாள் டேப்பை எடுத்து அளந்தார். சரியாக 4 அங்குலம் குறைவு! எல்லோரும் கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பழைய பேன்ட்டைப் போட்டால், பட்டன் எப்போதும்போல அதே இறுக்கத்தில் நிற்கிறது. பெல்ட்டிலும் அதே ஓட்டைதான்.

அப்புறம்தான் யோசித்தேன். முதல் நாள் அளந்தது சாயங்காலம், சாப்பிட்ட பிறகு, டி-ஷர்ட்டுக்கு மேலே, தொப்புளுக்கு நேராக, டேப்பைத் தளர்வாகப் பிடித்து. கடைசி நாள் காலையில், வெறும் வயிற்றில், சட்டையைத் தூக்கச் சொல்லி, "மூச்சை முழுசா வெளியே விடுங்க" என்று சொல்லி, தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே, டேப் தோலில் பதியும் அளவுக்கு இழுத்து அளந்தார். வீட்டில் கண்ணாடி முன் நின்று ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு மாதிரியும் அளந்து பார்த்தேன். ஒரே வயிறு, கிட்டத்தட்ட 3 அங்குல வித்தியாசம். 12 வாரமும் பணமும் எனக்கு அந்த டேப்பில்தான் போயின.

அதன் பிறகு தேடிப் படித்தேன். பணம் கட்டும் முன்பே படித்திருக்க வேண்டும். ஒரு தசை வேலை செய்தால், அதன்மேல் படிந்திருக்கும் கொழுப்பையே நேராக எடுத்து எரிப்பதில்லை. உடலுக்குச் சக்தி தேவைப்படும்போது அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் ரத்தத்தின் வழியே உடல் முழுக்க இருக்கும் கொழுப்புச் செல்களுக்குப் போகின்றன. அங்கே கொழுப்பு உடைந்து, கொழுப்பு அமிலமாக ரத்தத்தில் கலந்து, தேவைப்படும் தசைக்குப் போய்ச் சேருகிறது. நான் வயிற்றை மடக்கி எழும்போது எரிந்தது தொடையில் இருந்த கொழுப்பாகவும் இருக்கலாம். எந்த இடம் முதலில் குறையும், எது கடைசியில் குறையும் என்பது பரம்பரை, ஆணா பெண்ணா, வயது, ஹார்மோன் இவற்றைப் பொறுத்தது. பயிற்சியாளர் கையில் இல்லை.

இது புதிய விஷயமும் இல்லை. 1971இல் டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ராக்கெட் பிடிக்கும் கையில் தசை பெரிதாக இருந்ததே தவிர, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மற்றக் கையைவிட மெலிந்திருக்கவில்லை. 1984இல் 13 ஆண்களை 27 நாளில் ஆளுக்கு 5,004 சிட்-அப் (படுத்து எழுந்து உட்காரும் பயிற்சி) செய்ய வைத்து, வயிறு, முதுகு, பிட்டம் மூன்று இடத்திலிருந்தும் கொழுப்புத் திசு எடுத்துப் பார்த்தார்கள். மூன்று இடத்திலும் செல்கள் ஒரே மாதிரிதான் சுருங்கியிருந்தன. 2013இல் ஒரு காலுக்கு மட்டும் 12 வாரம் பயிற்சி கொடுத்த ஆய்வில், கொழுப்பு குறைந்தது காலில் இல்லை, உடம்பின் மேல்பாதியில். கொஞ்சம் குறையலாம் என்று சொல்லும் சிறிய ஆய்வுகளும் ஒன்றிரண்டு உண்டு. அவற்றை வைத்துக்கொண்டு யாரும் 4 அங்குலத்துக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

க்ரஞ்ச் வீண் என்று சொல்லவில்லை. என் வயிற்றுத் தசை பலமாகியிருக்கிறது, அது எனக்கே தெரிகிறது. ஆனால் மேலே இருக்கும் கொழுப்பு குறைந்தால்தான் அது வெளியே தெரியும். அதற்குச் சாப்பாட்டில் கலோரி குறைய வேண்டும், உடம்பு முழுவதற்கும் எடைப் பயிற்சி செய்ய வேண்டும், பொறுக்க வேண்டும். "கொழுப்பைத் தசையாக மாற்றித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கொழுப்பு ஒருநாளும் தசையாக மாறாது, இரண்டும் வேறு வேறு திசு.

பணத்தைத் திரும்பக் கேட்டேன். "நீங்கள் சாப்பாட்டைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை, அதுதான் காரணம்" என்றார் அதே பயிற்சியாளர். சாப்பாட்டால்தான் குறையும் என்றால், இடத்துக்கென்று தனியாக வாங்கிய பணம் எதற்கு? மூன்று தடவை கேட்டேன், பதிலே இல்லை.

அந்த அக்காவை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். முதல் நாள் அவருக்கு எப்படி அளந்தார்கள் என்று கேட்டு, அதே இடத்தில், அதே தளர்வில், அவர் கையாலேயே அளக்க வைத்தேன். முதல் நாள் எண்ணுக்கு அரை அங்குலம்தான் குறைவு. டேப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கைச்சதைக்குக் கட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த பணம் இன்னும் அவரிடமே இருக்கிறது.